பன்னிரண்டாவது அடியில் பீரோ

போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் நாச்சிமுத்து என்று ஒருவர் இருந்தார். அவர் நடனத்தைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு புத்தகம் அல்ல, பதினொரு புத்தகம்.

நடனம் என்றதும் சலங்கையும் ஜதியும் நினைவுக்கு வர வேண்டாம். ஆணும் பெண்ணும் கை கோத்துக்கொண்டு, வழுவழுவென்ற மரத்தரையில் சுற்றிச் சுற்றி வருவார்களே, அந்த ஆட்டம். அதிலும் வால்ட்ஸ் மேல்தான் அவருக்குக் கண்.

அவர் ரயில்வே டிராயிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தால் போதும். பாலமோ சிக்னல் கம்பமோ, முழுசாக அவர் கண்முன் எழுந்து நின்றுவிடும். நடனப் புத்தகங்களிலும் வரைபடங்கள்தான் இருந்தன. கறுப்புத் தடம் இடது கால், வெள்ளைத் தடம் வலது கால், புள்ளிக்கோடு கால் போகிற வழி. பார்த்த மாத்திரத்தில் இது நம்ம வேலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அட்டையில் தன் கால் அளவுக்குத் தடம் வெட்டினார். ஹாலின் சிவப்புச் சிமென்ட் தரையில் அதை வைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். கூட ஆடுவதற்கு ஆள் வேண்டுமே? படம் வரைகிற பலகையில் கோடு இழுக்கும் நீளமான டீ ஸ்கொயர் ஒன்று வீட்டில் இருந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

தரையில் வரைந்தது ஆணின் தடம் மட்டும். பெண்ணின் தடம் எல்லாப் புத்தகத்திலும் அடுத்த பக்கத்தில் இருந்தது. முதலில் இது தேறட்டும், அதை அப்புறம் வரைந்துகொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.

விட்டுவைத்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது.

அவர் மனைவி சாரதாமணி. சாக்பீஸ் தடத்தை யாராவது மிதித்துவிட்டால் நாச்சிமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டிச் சுற்றிப் போவாள். தினமும் சாயங்காலம் அவர் ஆடுகிற நேரத்தில், சமையலறை வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். அவர் எண்ணுவது அவளுக்குக் கேட்கும். அவள் முறத்தைத் தட்டுவது அவருக்குக் கேட்கும்.

இந்தக் கூத்தெல்லாம் எங்கே தொடங்கியது என்றால், ஒரு ஜன்னலில்.

கல்யாணமான புதிது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு சாயங்காலம் இருவரும் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ரயில்வேக்காரர்களின் கிளப்பான இன்ஸ்டிட்யூட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், காலனியின் ஆங்கிலோ இந்தியர்கள் ஜோடி ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்காய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாரதாமணி நின்றவள் நின்றவள்தான்.

"ஏனுங்க, நாமளும் ஒரு நாளைக்கு இப்படி ஆடோணுங்க."

"ஆடலாம். இரு, கத்துக்கறேன்."

சொன்ன சொல்லை அவர் விடவில்லை. அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் முதல் புத்தகத்தைத் தேடிப் பிடித்துவிட்டார்.

முதல் சில வருஷங்கள் சாரதாமணி கேட்பாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"இன்னும் நாலு அத்தியாயம் இருக்குது."

அந்த நாலும் முடியும். அதற்குள் அதைவிடத் தெளிவாகச் சொல்கிற இன்னொரு புத்தகம் கிடைத்துவிடும். மறுபடியும் முதல் அத்தியாயம். பிறகு எப்போதோ அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எந்த வருஷம் நிறுத்தினாள் என்று நாச்சிமுத்துவுக்கு நினைவில்லை.

இந்த வருஷம் மாசி மாதத்தில் அவளுடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சித்திரை பிறந்ததும் ஆபரேஷன் என்று நாளும் குறித்தார்.

"அப்புறம் நல்லா நடக்கலாம். படி கூட ஏறலாம்."

"சுத்தித் திரும்பறதெல்லாம்?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். எதுக்கு, கும்மி அடிக்கவா?" டாக்டர் சிரித்தார்.

சாரதாமணி சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நாச்சிமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. ஆபரேஷனுக்குள் அவளோடு ஒரே ஒரு முறை ஆடிவிட வேண்டும். ஒரே ஒரு பாட்டு, மூன்று நிமிஷம். அதற்கு முன்னால் தன் ஆட்டத்தில் ஒரு பிசகும் இல்லை என்று தெரிந்தாக வேண்டும். இத்தனை வருஷம் காக்க வைத்துவிட்டு அரைகுறையாக ஆடிக் காட்ட முடியுமா? அந்த ஆசையும் அந்தப் பயமும் சேர்ந்து அவரைப் படாத பாடு படுத்தின.

இன்ஸ்டிட்யூட்டில் சனிக்கிழமை மூன்று மணிக்கு லொரெய்ன் ரொசாரியோ என்பவர் வால்ட்ஸ் சொல்லிக்கொடுத்து வந்தார். மற்ற நாட்களில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். வயது நாற்பத்து மூன்று. குருவைவிடச் சீடர் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் நாச்சிமுத்து வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு காகிதச் சுருளோடு உள்ளே போய்க் கும்பிட்டார்.

"ஷூவைப் போட்டுக்குங்க சார். இங்க அதோடதான் ஆடுவோம்."

போட்டுக்கொண்டு வந்தார். சுருளை மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் கனம் வைத்தார். லொரெய்ன் குனிந்து பார்த்தார்.

"நீங்க வரஞ்சதா?"

"ஆமாங்க மிஸ். நிஜ அளவுங்க."

"அழகா இருக்கு."

"பதினொரு புத்தகம் படிச்சிருக்கேனுங்க. ஒரு அடி மறக்கல. ஆனா ஆட்டம் வந்துருச்சான்னு தெரியல. நீங்க பாத்து என்ன குறைன்னு சொல்லோணும்."

"யார் கூட ஆடறதுக்கு?"

"வீட்டுக்காரம்மா கூடங்க. அவளுக்கு முட்டியில ஆபரேஷன். அதுக்குள்ள ஒருவாட்டி ஆடிப் போடோணுங்க."

"அவங்களை ஏன் கூட்டிட்டு வரல?"

"நான் முதல்ல தேறட்டுங்க மிஸ்."

 லொரெய்ன் செல்போனைத் தட்டினார். மூலையில் இருந்த ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. கையை நீட்டினார்.

நாச்சிமுத்து முதுகை நிமிர்த்தினார். இடது கையை உயர்த்தினார். வலது கையை, புத்தகத்தில் கண்ட இடத்தில், லொரெய்னின் தோள்பட்டைக்குக் கீழே வைத்தார். டீ ஸ்கொயரைத் தவிர வேறு யாரையும் அவர் அப்படிப் பிடித்ததில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஆடினார். ஒவ்வொரு காலும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் நூலளவு பிசகு இருந்திருக்காது.

பன்னிரண்டாவது அடியில் சட்டென்று நின்றுவிட்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் சார் நின்னுட்டீங்க?"

"பீரோங்க."

"எங்க?"

"எங்க வீட்ல இந்த எடத்துல பீரோங்க மிஸ்."

லொரெய்ன் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர்களுக்கு முன்னால் நாற்பது அடி மரத்தரை காலியாகக் கிடந்தது.

"சார், நான் நடுவுல ரெண்டு தடவை தடுக்கினேன். தெரிஞ்சுதா?"

"இல்லீங்களே மிஸ்."

"ஒரு தடவை உங்க கால் என் கால் மேலயே இருந்துச்சு."

நாச்சிமுத்து பதறிப்போய்க் கீழே பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த படத்தைப் பார்த்தார்.

"நான் சரியான எடத்துலதானுங்க வச்சேன்."

"சரியான இடத்துலதான் வச்சீங்க."

"அப்புறம் என்ன குறைங்க மிஸ்? நான் இன்னும் எந்தப் புத்தகத்தப் படிக்கோணும்?"

அந்த ஹாலில் இரண்டு பக்கமும் நாற்காலி வரிசை உண்டு. ஜன்னலோரத்து வரிசை பெண்களுக்கு. எதிர் வரிசை ஆண்களுக்கு. பாட்டு தொடங்கினால் எதிர் வரிசைக்காரர் குறுக்கே நடந்து வந்து, ஒரு பெண்ணின் முன்னால் நின்று, கையை நீட்டி, ஆடலாமா என்று கேட்க வேண்டும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் தாமாக எழுந்து போகக் கூடாது. கேட்டால் வரலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். வகுப்பில் ஆண்கள் குறைவு என்பதால் இரண்டு மூன்று பெண்களும் எதிர் வரிசையில் உட்கார்ந்து வந்து கேட்பார்கள். மற்றபடி வழக்கம் மாறவில்லை.

லொரெய்ன் ஜன்னலோரத்தைக் காட்டினார்.

"அங்க உக்காருங்க."

"அது லேடீஸ் வரிசையாச்சுங்களே."

"தெரியும். யாராவது வந்து கேட்டா எந்திரிங்க. கேக்கலைன்னா உக்காந்திருங்க."

"எத்தனை நேரமுங்க?"

"நாலரைக்கு கிளாஸ் முடியும்."

குரு சொன்னால் சொன்னதுதான் என்று அவர் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் ஃபிலோமினா ஆன்ட்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற எழுபது வயது அம்மாள் மடியில் ஒரு தோல்பையோடு இருந்தார்.

முதல் சனிக்கிழமை நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாருடைய கால்களையும் பார்த்தார். யார் எங்கே தப்பு விடுகிறார்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. நாலரை மணிக்கு லொரெய்னிடம் போனார்.

"மிஸ், அந்த பேங்க்காரர் மூணாவது அடியில காலைச் சேக்கறதே இல்லீங்க."

"அப்படியா? அடுத்த சனிக்கிழமை வாங்க."

"மறுபடியும் லேடீஸ் வரிசைங்களா?"

"ஆமா."

இரண்டாவது சனிக்கிழமை ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டார். தலைக்கு மையும் அடித்துக்கொண்டார். சாரதாமணி அதைப் பார்த்தாள்.  நாச்சிமுத்துவே முந்திக்கொண்டு, "இன்ஸ்டிட்யூட்ல ஒரு வேலை" என்றார். முதல் வாரமும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அவர் யார் காலையும் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தார். ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது எதிர் வரிசையில் ஆட்கள் எழுந்தார்கள். இவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. இது என்ன கேலிக்கூத்து, இந்த வயதில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த பாட்டுக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

நாலாவது பாட்டுக்கு ஒரு நர்ஸ் பெண் எதிர் வரிசையிலிருந்து எழுந்து நேராக அவரைப் பார்த்து வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள். நாச்சிமுத்து பாதி எழுந்துவிட்டார். அவள் ஃபிலோமினா ஆன்ட்டியின் முன்னால் கையை நீட்டினாள்.

எழுந்தவர் எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டது.

அன்றைக்கு அவர் லொரெய்னிடம் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார். சாயங்காலம் ஆடவும் இல்லை. கூடத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் முறம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை வீட்டிலிருந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போனார். பாட்டு ஆரம்பித்ததும் விரித்துப் படிக்கத் தொடங்கினார். ஃபிலோமினா ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

"நேத்து பேப்பர் சார் அது."

"சும்மா, ஒருக்கா பாக்கலாம்னுங்க."

"பாருங்க, பாருங்க. நானும் அப்படித்தான்." தோல்பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினார். "பாட்டு ஆரம்பிச்சா நான் சாவி தேடுவேன். இந்தப் பையில சாவியே கிடையாது."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்புறம் எதுக்குங்க தேடறீங்க?"

"கூப்பிட மாட்டாங்களான்னு உக்காந்திருக்கிறது தெரியக் கூடாதில்ல சார். கை சும்மா இருந்தா தெரிஞ்சுபோயிடும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் பேப்பரை மடித்தார். பாதி மடிப்பில் கை நின்றுவிட்டது.

அவர் வீட்டில் மூட்டை அரிசி வாங்குவதை விட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிஷினில் சுத்தம் செய்து பையில் அடைத்து விற்கிற அரிசிதான் வருகிறது. அதில் கல் கிடையாது. குருணை கூடக் கிடையாது. கடையிலிருந்து தோளில் தூக்கி வந்து வைப்பவரே அவர்தான். ஆனாலும் தினமும் சாயங்காலம், அவர் டீ ஸ்கொயரைக் கையில் எடுத்ததும், சாரதாமணி முறத்தோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

பதினைந்து வருஷமாக இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம் எத்தனை பாட்டு ஓடியது, யார் யாரோடு ஆடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நாலரை மணிக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டு லொரெய்ன் அவர் முன்னால் வந்து நின்றார்.

"இன்னைக்கு என்ன பாத்தீங்க சார்?"



"எங்க வீட்டு அரிசியில கல்லே இல்லீங்க மிஸ்."

லொரெய்னுக்கு அது புரிந்திருக்க வழியில்லை. ஆனால் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போங்க சார்."

அவர் போனார். நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார். ஆபரேஷனுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. வெயில் தாழ்ந்திருந்தது. சாரதாமணி முறத்தோடு சமையலறை வாசற்படியில் இருந்தாள்.

 அவர் வாளியில் தண்ணீர் பிடித்தார். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்தார். மண்டி போட்டு, தடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் மேலே மேலே வரைந்த கோடுகள், சீக்கிரம் போகவில்லை.

"ஏனுங்க, தப்பா வரஞ்சுட்டீங்களா?"

"ஆமா."

"நான் வேணா தொடைக்கட்டுங்களா?"

"வேண்டாம். நீ உக்காரு."

துடைத்து முடித்தார். தரை காயும்வரை இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பிறகு சாரதாமணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போடுவதற்காக எழுந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சுவரை ஒட்டிச் சுற்றிப் போனாள்.

நடுத்தரையில் ஒரு கோடு கூட இல்லை. ஆனாலும் சுற்றித்தான் போனாள். அதைப் பார்த்தபோது நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது.

விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவள் வாசல் பக்கமே நின்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து குறுக்கே நடந்துபோய், அவள் முன்னால் நின்று, கையை நீட்டினார்.

"சாரதா, என்ற கூட ஆடறியா?"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் கையை முந்தானையில் துடைத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"ஆசை இல்லாம இல்லீங்க," என்றாள். "நெம்ப இருந்துச்சு. நீங்க அந்தக் கட்டையப் புடிச்சுட்டு சுத்தும்போது, அந்தக் கட்டையா நான் இருக்கப்படாதான்னு இருந்துச்சுங்க. ஒரு மரக்கட்டை மேல போய்ப் பொறாமைப்பட்டேன். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே நின்றார்.

"ஒவ்வொரு புத்தகம் வரும்போதும், இது முடிஞ்சா கூப்புடுவீங்கன்னு நெனப்பேன். பொறகு அது எப்பப் போச்சோ தெரியலீங்க. போனது கூடத் தெரியாமப் போயிருச்சு."

"இப்பக் கூப்புடறேன்."

"இப்ப வேண்டாங்க."

"முட்டி வலிக்குதா?"

"முட்டிக்காகச் சொல்லலீங்க."

அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்து துடைத்த தரையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். லொரெய்ன் மைதானத்தில் விளையாட்டு விழாவுக்காகச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் விசில், தலையில் தொப்பி. நாச்சிமுத்து அவரோடு கூடவே நடந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார். அரிசியைச் சொன்னார். ஃபிலோமினா ஆன்ட்டியின் பையைச் சொன்னார். துடைத்ததையும் கேட்டதையும் சொன்னார். சாரதாமணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

லொரெய்ன் ஒரு கோட்டின் கடைசிவரை போய்த்தான் நிமிர்ந்தார்.

"அவங்க உங்க கிட்ட இவ்வளவு பேசி எத்தனை நாளாச்சு?"

நாச்சிமுத்து யோசித்தார். 

"இவ்வளவு பேசுனதே இல்லீங்க மிஸ்."

லொரெய்ன் தலையை ஆட்டினார். வாளியிலிருந்து இன்னொரு கைப்பிடி பொடியை அள்ளினார்.

"நான் என்ன பண்ணட்டுங்க மிஸ்?"

"நாளைக்கும் கேளுங்க."

"நாளைக்கும் வேண்டாம்னு சொல்லிட்டான்னா?"

"நாளானைக்குக் கேளுங்க."

"நாளானைக்கு ஆபரேஷனுங்க!" அவர் குரல் உடைந்தது. "அதுக்கப்புறம் அவளால ஆடவே முடியாதுங்க மிஸ். டாக்டரே சொல்லிட்டாரு."

லொரெய்ன் குனிந்து அடுத்த கோட்டை ஆரம்பித்தார்.

"நான் எங்க சார் ஆடச் சொன்னேன்? கேக்கத்தானே சொன்னேன்."